வரதய்யபாளையம் பக்கம்

1

திருப்பதியில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. அதன் கேட்டில் ‘டு-லெட்’ பலகை தொங்க ஆரம்பித்து இன்றோடு நான்கு மாதம். வீடு நல்ல வீடு. போர் தண்ணீர், கிழக்குப் பார்த்த வாசல், மாடியில் துணி காயப்போட இடம், எல்லாம் உண்டு. ஆனால் வீடு கேட்டு வருகிறவர்கள் முனைக் கடையில் ஒரு வார்த்தை விசாரிக்கிறார்கள். அதோடு கேட்டைக்கூடத் தொடாமல் திரும்பிப் போகிறார்கள். இன்று காலையும் புரோக்கர் பாஸ்கர் செய்தி அனுப்பியிருந்தார்: “சார், இன்னிக்கு ரெண்டு பார்ட்டி. ரெண்டும் ரிட்டர்ன்.” அதன் கீழே இன்னொரு கேள்வியும் கேட்டிருந்தார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் வீடு வாங்கி வாடகைக்கு விடுவது எப்படி என்று நண்பர்கள் சிலர் என்னை எழுதச் சொன்னார்கள். குறிப்பாக, ஒரு ஏரியாவில் திருட்டு, வம்பு இருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று. நான் அதில் கெட்டிக்காரன் என்று அவர்களுக்கு நினைப்பு. எனக்கும் அந்த நினைப்பு இருந்தது. எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டுவதானால் திட்டுங்கள்.

2

நான் இருப்பது அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில். உடனே கம்ப்யூட்டர் வேலை என்று நினைக்க வேண்டாம். என் மனைவி சுமதி நர்ஸ். சித்தூர்க்காரி. அவள் விசாவைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நான். திருப்பதி ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படித்துவிட்டு, இங்கே வாடகை வீடுகளைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் ரிப்பேர் வேலை பார்க்கிறேன். குழாய் ஒழுகினால் நான் போக வேண்டும். ஹீட்டர் நின்றால் நான் போக வேண்டும். கதவை உடைத்துத் திருடன் வந்து போயிருந்தால் மறுநாள் பூட்டு மாற்றவும் நான்தான்.

வந்த புதிதில் அப்படி ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் “நான்தான் திருட்டு ஆள், வந்திருக்கிறேன்” என்று சொல்லிவிட்டேன். திருட்டு விஷயமாக வந்திருக்கிறேன் என்று சொல்ல நினைத்தது. அந்த அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு ஆபீசுக்குப் போன் போட்டாள். ஆபீசில் இன்றைக்கும் சிரிக்கிறார்கள்.

எங்கள் கம்பெனியில் தெருக்களுக்கு வகுப்பு உண்டு. ஏ, பி, சி, டி. குற்றம் குறைந்த தெரு ஏ. அதிகம் நடக்கிற தெரு டி. வீடு வாங்குகிறவன் எங்கோ கடற்கரை ஊரில் உட்கார்ந்துகொண்டு போனில் வரைபடம் பார்த்து வாங்குவான். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அதில் கலர் கொடுத்திருப்பார்கள். அந்த வீட்டை அவன் ஒரு நாளும் நேரில் பார்க்க மாட்டான். ஏ தெருவில் பூட்டு மாற்றப் போனால் நல்ல பூட்டு போடச் சொல்வார்கள். டி தெருவுக்குப் போனால் இருப்பதிலேயே மட்டமான பூட்டு. திருட்டே நடக்காத இடத்துக்கு நல்ல பூட்டு, மாசத்துக்கு ஒரு தடவை உடைபடுகிற கதவுக்குத் தகரப் பூட்டு. இதை நான் சூப்பர்வைசரிடம் ஒரு தடவை கேட்டேன். “அந்த ஏரியாவுக்கு அது போதும்” என்றார்.

ஒரு டி தெருவில் பூட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டுப் பெண் எனக்குக் காபி கொடுத்தாள். “எங்கள் அட்ரஸ் சொன்னால் பீட்சாகூடக் கொண்டுவர மாட்டார்கள், தெரியுமா?” என்றாள். வேலைக்குப் போகிற இடத்தில் தங்கை வீட்டு அட்ரஸைத்தான் கொடுத்திருக்கிறாளாம். நான் தலையை ஆட்டிக்கொண்டு காபியைக் குடித்தேன். எனக்கும் அது தெரியும் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

என் மகன் விக்னேஷுக்குப் பதினாறு வயது. அந்த வரைபடத்தை என் போனில் போட்டுக் கொடுத்தது அவன்தான். “நம்ம தெரு மஞ்சள்ப்பா. பச்சை இல்ல” என்று ரொம்ப நாள் வருத்தப்பட்டான். பள்ளியில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் “சென்னை” என்று சொல்கிறான். சென்னையை அவன் ஏர்போர்ட்டில் மட்டும்தான் பார்த்திருக்கிறான்.

“சென்னை எங்கடா இருக்கு, நம்ம ஊர் எங்கடா இருக்கு?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் யாருக்குப்பா தெரியும்? சென்னைன்னா ஈஸி. அடுத்த கேள்வி வராது.”

அடித்திருக்க வேண்டும். கை வரவில்லை. அந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

3

வீடு வாங்குவதற்காக மூன்று வாரம் லீவு போட்டுத் திருப்பதி வந்தேன். பாஸ்கர் பாகாலாக்காரர். தமிழும் தெலுங்கும் ஒரே மூச்சில் பேசுவார். எந்த வீட்டைக் காட்டினாலும் “டென்ஷன் லேது சார், டாப் ஏரியா” என்பார். நான் அவரை நம்பவில்லை. எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன்.

ஜன்னல் கம்பி எவ்வளவு தடிமன் என்று பார்ப்பேன். பழைய வீட்டு ஜன்னலில் புதுசாக இரண்டாவது கம்பி வைத்திருந்தால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. பைக்குகளைச் சங்கிலி போட்டுக் கேட்டோடு கட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பேன். வாசலில் செருப்பு பார்ப்பேன். நல்ல செருப்பு வெளியே கிடந்தால் அது நல்ல தெரு. பிய்ந்த செருப்பு வெளியே, நல்ல செருப்பு உள்ளே என்றால் வேண்டாம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லாட்ஜ்கள் இருக்கிற தெருக்களைப் பார்க்காமலே அடித்துவிட்டேன். மலைக்குப் போகிற கூட்டம் இருபத்து நாலு மணி நேரமும் வந்து போகிற இடம். யார் வருகிறான், யார் போகிறான் என்று எவனுக்குத் தெரியும்? பாஸ்கர் நோட்டில் அந்தத் தெருக்களின் மேல் நானே குறுக்குக்கோடு போட்டேன். டி கிளாஸ்.

திருச்சானூர் சாலையில் உள்ளே தள்ளி ஒரு புது லேஅவுட் பிடித்தது. அமைதி. செருப்புகள் எல்லாம் வெளியே. ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அமெரிக்காவில் இந்த விவரத்தை இன்டர்நெட்டில் எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். இங்கேயும் கேட்டால் சொல்வார்கள் என்று ஒரு மடத்தனம். மேஜையில் எழுதிக்கொண்டிருந்த ஏட்டு புத்தூர்ப் பக்கத்துத் தமிழர்.

“அந்த லேஅவுட்டுல திருட்டு ஏதாவது நடந்திருக்குங்களா?”

அவர் பேனாவை மூடினார். “எதுக்குக் கேக்கறே?”

“வீடு வாங்கலாம்னு...”

“வாங்கறதுக்கா? எந்த ஊடு பூட்டிக்கீது, எது காலியா கீதுன்னு தெரிஞ்சிக்கவா? இத்தினி வருஷத்துல இந்தக் கேள்வி கேட்டுகினு ஒருத்தனும் ஸ்டேஷனுக்கு வந்ததில்ல. எந்த ஊரு நீ?”

“திருப்பதிதாங்க” என்றேன். பாஸ்போர்ட்டைக் கேட்பதற்கு முன்பு வெளியே வந்துவிட்டேன். பாஸ்கர் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். “சார், ஏரியா நல்லதான்னு கேக்கப்போயி ஏரியாவுக்கு ஒரு கேடியை நாமளே காட்டிட்டோம்.”

நானும் சிரித்தேன். உள்ளே சட்டை நனைந்திருந்தது.

4

ஏன் நனைந்தது என்று சொல்கிறேன்.

என் ஊர் வரதய்யபாளையத்துக்கு அந்தப்பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஒரு சின்ன குப்பம். வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற தமிழ்க் குடும்பங்கள். ஊரின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால், அங்கிருந்து வீடு தேடிப் போகிற பிள்ளைகளுக்கு இன்னும் நான்கு கதவு அடைபடும்.

எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே எங்கள் ஊர் ஆட்கள் நாலைந்து பேர் பஸ்ஸிலும் மலைக் கூட்டத்திலும் ஜேப்படி வேலை செய்தார்கள். அது உண்மை. மறைக்கவில்லை. பிடிபட்டார்கள், ஜெயிலுக்குப் போனார்கள், செத்தும் போனார்கள். ஆனால் பேப்பரில் ஊர்ப் பெயரோடு ‘கும்பல்’ என்று சேர்த்து எழுதினான் ஒருவன். அந்தச் சொல் சாகவில்லை. அதற்குப் பிறகு எந்த பஸ்ஸில் யார் பை அறுந்தாலும் ஜீப் எங்கள் ஊருக்கு வந்தது. என் சித்தப்பா கடலைக்கொல்லையில் செடி பிடுங்கிக்கொண்டிருந்தவரை மண் கையோடு கூட்டிக்கொண்டு போய் இரண்டு நாள் உட்கார வைத்தார்கள். எங்கேயோ ஒரு பஸ்ஸில் ஒரு பை தொலைந்ததாம். சித்தப்பா அந்த பஸ்ஸைப் பார்த்ததுகூட இல்லை.

ஐ.டி.ஐ.யில் இடம் கிடைத்ததும் நைனாவும் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) நானும் திருப்பதியில் ரூம் தேடினோம். நைனா தலையில் அரிசி மூட்டை, என் கையில் டிரங்குப் பெட்டி. முதல் வீட்டில் எந்த ஊர் என்று கேட்டார்கள். நான் ஊர்ப் பெயரைப் பளிச்சென்று சொன்னேன். “அடடா, ரூம் இப்பத்தான் போயிடுச்சு” என்றார்கள். இரண்டாவது வீட்டில் போயிடுச்சு. மூன்றாவது வீட்டில், பேசிக்கொண்டே இருந்த பெரியவர் ஊர்ப் பெயரைக் கேட்டதும் திண்ணையில் கழற்றி வைத்திருந்த கைக்கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். அதை நைனா பார்த்துவிட்டார்.

நான்காவது வீட்டில் நான் வாயைத் திறப்பதற்குள் நைனா சொன்னார்: “வரதய்யபாளையம் பக்கம்ங்க.”

ரூம் கிடைத்தது. நைனா கடலை வியாபாரியிடம் ஒரு படி கூட ஏமாற்றாதவர். அன்றைக்கு பஸ் ஏறுகிறவரை என் முகத்தைப் பார்க்கவில்லை. “சாப்பாட்ட நேரத்துக்குத் துன்னு” என்று ஜன்னல் வழியாக எங்கோ பார்த்துச் சொன்னார்.

பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அது எங்கள் ஊரே பேசுகிற பொய் என்று. எங்கள் ஊர்க் கல்யாணப் பத்திரிகையில் எங்கள் ஊர்ப் பெயர் இருக்காது. வரதய்யபாளையம் என்றுதான் அச்சடிப்பார்கள். வெளியூர் விருந்தாளிகள் அங்கே இறங்கி, கல்யாண வீடு எங்கே என்று அலைவார்கள். அதற்காகவே பஸ் ஸ்டாப்பில் ஓர் ஆளை நிறுத்தி வைப்போம். என் கல்யாணத்துக்கும் அப்படித்தான். சுமதி வீட்டுக்கு விஷயம் தெரிந்தது தாலி கட்டி மூன்றாவது நாள். என் மாமனார் ஒரு வருஷம் பேசவில்லை. சுமதி மட்டும், “இதை முதல்லியே சொன்னா என்ன? நான் உன்னத்தான கட்டிக்கறேன், ஊரையா?” என்று கேட்டாள். 

5

வீடு வாங்கினேன். முதலில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் மனைவியோடு இருந்தார். அவர்கள் மகன் வீட்டுக்குப் போனதும் வீடு காலியானது. பாஸ்கர் இரண்டு பார்ட்டி கொண்டுவந்தார்.

முதல் பார்ட்டி கஸ்தூரி. கணவன் கம்பெனி பஸ் டிரைவர். மகள் திவ்யாவுக்குத் திருப்பதியில் நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது. அடுத்த வாரம் காலேஜ் திறக்கிறார்கள். அம்மாவும் மகளும் இங்கே தங்க வேண்டும். ஊரிலிருந்து போய்வருவதென்றால் பஸ்ஸிலேயே பாதி நாள் போய்விடும். மூன்று பேரும் வீடு பார்க்க வந்தபோது பாஸ்கர் அங்கிருந்து வீடியோ கால் போட்டார். அங்கே சாயங்காலம். இங்கே நான் வேலைக்குக் கிளம்புமுன் வேனில் உட்கார்ந்திருந்தேன்.

“ஊடு நல்லா கீது ணா” என்றாள் கஸ்தூரி. “தண்ணி உப்பா கீதா?”

“நல்ல தண்ணிம்மா.”

“மாடிக்குப் போலாமா? எம்பொண்ணு இப்பவே மேல ஏறிகினா, பாருங்க. எங்க கொடி கட்றதுன்னு அளந்துகினு கீறா.”

எனக்குப் பிடித்துப்போனது. வழக்கமான கேள்வியைக் கேட்டேன். “எந்த ஊரும்மா?”

“வரதய்யபாளையம் பக்கம் ணா.”

உங்களுக்கு அதில் ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது. வரதய்யபாளையத்துக்காரன் ‘வரதய்யபாளையம்’ என்று மட்டும் சொல்வான். சுற்றுப்பட்ட ஊர்க்காரன் முதலில் தன் ஊரைச் சொல்லிவிட்டு, வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் என்பான். ‘பக்கம்’ என்று மட்டும் சொல்லி, வாயை அத்தோடு மூடிக்கொள்கிறவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள்தான்.

“பக்கம்னா எந்தப் பக்கம்?” என்று கேட்டேன்.

கஸ்தூரி ஒரு நொடி திரையைப் பார்த்தாள். “ஏரிக்கு அந்தாண்ட ணா” என்றாள்.

“சரிம்மா. பாஸ்கர்கிட்ட ஆதார் காப்பி குடுத்துட்டுப் போங்க.”

அவள் போனதும் ஆதாரில் ஊர்ப் பெயரைப் படிக்கச் சொன்னேன். பாஸ்கர் படித்தார். “அம்மம்மா! சார், அந்த ஊரா! பேசுறப்ப ஒண்ணும் தெரியலையே. எப்டி சார் கண்டுபுடிச்சீங்க அங்க உக்காந்துகினு? அமெரிக்கா மூளை சார்!”

அந்தப் பாராட்டை நான் வாங்கிக்கொண்டேன். “வேண்டாம்னு சொல்லிடுங்க” என்றேன்.

“காரணம் கேட்டா?”

“வீடு இப்பத்தான் போயிடுச்சுன்னு சொல்லுங்க.”

அதைச் சொன்ன வாய் என் வாய்தான்.

ஏன் செய்தேன்? அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டது இது: வீடு ஒரு முதலீடு. அந்த ஊர் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் தெருவில் பேச்சு வரும், நாளைக்கு விற்கப்போனால் விலை வராது. இந்தக் கணக்கைத்தான் அமெரிக்காவில் தினமும் பார்க்கிறேனே. ஆனால் உள்ளே இருந்த பயம் வேறு. கஸ்தூரி எப்படியாவது நான் யார் என்று கண்டுபிடித்து, எதிர்வீட்டு அம்மாவிடம் ‘ஓனரும் எங்க ஊருதான்’ என்று சொல்லிவிட்டால்? அந்தத் தெருவில் நான் அமெரிக்காக்காரன். அதைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பெண்பிள்ளையைத் தெருவில் நிறுத்தினேன். சுமதியிடம் சொல்லவில்லை. நர்சிங் படிக்கிற பெண் என்றால் அவள் விடமாட்டாள் என்று தெரியும்.

6

இரண்டாவது பார்ட்டி ஒரு டிராவல்ஸ்காரர். தூரத்துப் பெரிய நகரம். இஸ்திரி போட்ட சட்டை, கம்பெனி கார்டு, பான் கார்டு, மனைவி குழந்தைகளோடு எடுத்த போட்டோ. போலீஸ் விசாரணைச் சான்றுக்கு மனுப் போட்டோம். ஒரு குறையும் இல்லை என்று முத்திரையோடு வந்தது. செருப்பைக் கழற்றி வாசலில் வரிசையாக வைத்தார் என்று பாஸ்கர் சொன்னார். அதிலேயே நான் விழுந்துவிட்டேன்.

எட்டு மாதம் வாடகை தேதி தவறாமல் வந்தது. ஒரு நாள் பாஸ்கர் செய்தி: “சார், போலீஸ்.”

அந்த ஆள் என் வீட்டு உள்ரூமில் பிரிண்டர் வைத்து மலைக்குச் சிறப்பு தரிசன டிக்கெட் அச்சடித்திருக்கிறான். போலி டிக்கெட். எங்கிருந்தோ வந்த ஒரு குடும்பம், பதினொரு பேர், மொட்டை போட்டுக்கொண்டு வரிசையில் நின்று, சோதனை செய்கிற இடத்தில் பிடிபட்டிருக்கிறார்கள். டிக்கெட் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டதற்கு என் வீட்டுப் பச்சை கேட்டைச் சரியாக அடையாளம் சொன்னார்கள். முனைக் கடை முழுக்க அதுதான் பேச்சு.

அடுத்த வாரம் எஸ்.ஐ. என்னைக் கூப்பிட்டார். நான் டி தெரு ஒன்றில் வேனை நிறுத்திவிட்டு எடுத்தேன். அவர் தெலுங்கில் பேசினார். நானும் தெலுங்கில் சொன்னேன். வாடகை ஒப்பந்தம், சான்று எல்லாம் முறையாக இருக்கிறது என்றேன். ‘இருக்கட்டும்’ என்றார்.

“சொந்த ஊர் எது?”

இத்தனை வயதில், இத்தனை தூரத்தில், என் நாக்கு தானாகப் போன இடம் எது தெரியுமா? “வரதய்யபாளையம் பக்கம் சார்.”

“பக்கம் என்றால் எந்தப் பக்கம்?”

பதில் யோசிப்பதற்குள் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பாஸ்கர் ஸ்டேஷனில் கொடுத்திருந்த வீட்டுப் பத்திரத்தோடு இருந்த என் பாஸ்போர்ட் நகல். பிறந்த இடம் என்ற வரியை இத்தனை நாள் யாரும் படிக்கவில்லை. அவர் படித்தார், சத்தமாக. பிறகு பக்கத்தில் இருந்த யாரிடமோ சொன்னார்: “ஓனரே அந்த ஊராம்ப்பா. டெனன்ட் எப்படிக் கிடைத்தான் என்று இனி கேட்க வேண்டுமா?” அங்கே இரண்டு பேர் சிரித்தார்கள்.

நேரில் வர வேண்டும், இல்லாவிட்டால் தூதரகத்தில் சான்று பெற்ற வாக்குமூலம் அனுப்ப வேண்டும் என்றார். எழுதி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துத் தூதரக வேலை பார்க்கிற ஏஜென்சி திருப்பி அனுப்பியது. பாஸ்போர்ட்டில் உள்ள பிறந்த இடமும் வாக்குமூலத்தில் உள்ள ஊரும் வேறு வேறாம். பார்த்தால், அதிலும் நான் வரதய்யபாளையம் என்று எழுதியிருக்கிறேன்! தெரிந்து எழுதவில்லை. கை எழுதிவிட்டது.

இரண்டாம் தடவை சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஊர்ப் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். விக்னேஷ் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

“இது எந்த இடம்ப்பா?”

“நான் பொறந்த ஊர்.”

“திருப்பதின்னு சொன்னே?”

அவன் போனில் தேடினான். ஒரு புள்ளி வந்தது. அந்தக் கலர் வரைபடத்தையும் எடுத்து இழுத்துப் பார்த்தான். “இந்த ஊருக்குக் கலரே இல்லப்பா. சும்மா சாம்பலா இருக்கு” என்றான். போனை மேஜையில் வைத்தான். “அப்புறம் ஏன் சொல்லல?”

சுமதி அடுப்பைப் பார்த்தபடி பதில் சொன்னாள். “உங்க அப்பாவக் கேளு. நர்சிங் படிக்கிற ஒரு பொண்ணுக்கு ஏன் வீடு குடுக்கலன்னும் சேர்த்துக் கேளு. பாஸ்கர் எனக்கும் போன் பண்ணாரு. எல்லாம் சொன்னாரு.”

அதற்குப் பிறகு நான்கு நாள் அந்த வீட்டில் எனக்குத் தட்டு வைத்தார்கள், பேச்சு வைக்கவில்லை.

7

போன வாரம் கஸ்தூரியின் நம்பரை பாஸ்கரிடம் வாங்கிக் கூப்பிட்டேன்.

“திருப்பதி வீட்டு ஓனர் பேசறேம்மா. அமெரிக்காலருந்து.”

“தெரிது ணா. சொல்லுங்க.”

“வீடு காலியா இருக்கு. உங்களுக்கு வேணும்னா வந்துடுங்க. அட்வான்ஸ்கூட வேணாம்.”

“இன்னாணா திடீர்னு?”

சொல்லிவிட்டேன். “நானும் நம்ம ஊருதாம்மா.”

அவள் சிரித்தாள். “அத்த இப்பத்தான் சொல்றீங்களா? அன்னிக்கே தெரியும் ணா. ‘எந்தப் பக்கம்’னு கேட்டீங்க பாருங்க, வேற எவன் கேப்பான் அப்டி? மத்தவங்க சரிம்மான்னு போயிகினே இருப்பாங்க. வெளிய வந்ததும் எங்க ஊட்டுக்காரரு கைல சொன்னேன், ‘நம்ம ஊரு ஆளுய்யா, ஊடு நமக்குத்தான், கம்முனு வா’ன்னு. திவ்யா போறப்பவே கொடிக் கயிறு வாங்கிகினா.”

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன். 

“அப்பறம் பாஸ்கர் போன் பண்ணாரு. ஊடு இப்பத்தான் போயிடுச்சின்னாரு.”

“தப்புதாம்மா.”

“உடுங்க ணா. எத்தினி பேரு சொல்லிக்கீறாங்க. நீங்க சொன்னதுதான் கொஞ்சம்...” என்று நிறுத்திக்கொண்டாள்.

“இப்ப எங்க இருக்கீங்க?”

“பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ணா. லாட்ஜ் தெருவுல ஒரு ரூமு. மொதல்ல பயந்துகினுதான் வந்தோம். இப்ப பயம் இல்ல. விடிய விடிய லைட்டு எரியுது, கடை தொறந்துகீது. டீக்கடைக்காரரு, பூக்காரம்மா, எல்லாருக்கும் திவ்யாவத் தெரியும். டியூட்டி முடிஞ்சி லேட்டா வந்தாகூட நாலு பேரு பார்த்துகினே இருப்பாங்க. அந்த ஊட்டம்மா ஊருகூடக் கேக்கல ணா. ‘பொண்ணு படிக்குதா, சரி, வா’ன்னுச்சு.”

நான் நோட்டில் குறுக்குக்கோடு போட்ட தெரு.

“இங்க வந்துடுங்கம்மா” என்று மறுபடியும் சொன்னேன். குரல் கெஞ்சியது எனக்கே கேட்டது. “பெரிய வீடு. மாடி இருக்கு.”

“கோச்சிக்காதீங்க ணா. எங்க ஊட்டுக்காரரு ஒத்துக்க மாட்டாரு. போலீசு வந்த ஊடு. அந்தத் தெருவு வேற ஆறு மணிக்கே அடங்கிடுது, கத்தினாகூட ஒருத்தனும் கதவு தொறக்க மாட்டான். வயசுப் பொண்ண வெச்சிகினு ஏரியா பார்த்துத்தான ணா போவணும்?”

“ஆமாம்மா” என்றேன்.

“ஊருக்கு வந்தா ஊட்டாண்ட வாங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள். யார் வீட்டுப் பிள்ளை நீங்கள் என்று அவள் கேட்கவில்லை. ஊரில் முதலில் கேட்கிற கேள்வி அதுதான்.

இன்று காலை பாஸ்கர் அனுப்பிய செய்தியின் மீதியைச் சொல்கிறேன் என்றேன். அவர் எழுதியிருந்தது இது: “சார், ஓனர் எவனோ ஃபாரின்காரன்னு ஜனம் சந்தேகப்படுது. லோக்கல் ஆளுதான், இன்ன ஊருன்னு சொன்னா நம்பிக்கை வரும். இத்தனை நாளா கேக்கவே இல்ல, உங்க சொந்த ஊரு எது சார்? போர்டுலயே எழுதிடறேன்.”

வேனில் உட்கார்ந்து ஊர்ப் பெயரைத் தட்டினேன். ‘பக்கம்’ போடவில்லை. அனுப்பினேன்.

பார்த்துவிட்டார். இரண்டு நீல டிக் வந்து ஆறு மணி நேரம் ஆகிறது. பதில் வரவில்லை.